அணையாத ஏர்பேக் விளக்கு: பழுதை வரிசையாகத் தேடும் முறை

டாஷ்போர்டில் உள்ள ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் பழுது, ஏர்பேக்குக்குச் செல்லும் வழியில் உள்ள ஏதோ ஓர் இணைப்பில்தான் இருக்கிறது. இருக்கைக்கு அடியில் தளர்ந்த கனெக்டர், ஸ்டீயரிங்குக்குள் அறுந்த நாடா, வலுவிழந்த பேட்டரி ஆகிய மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தாலே பாதிக்கு மேற்பட்ட கார்களில் வேலை முடிந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் 'ஏர்பேக்' என்ற சொல்லைக் கேட்டதும் நேராக ஸ்டீயரிங்கைக் கழற்றத் தொடங்குகிறார்கள். சாவி திருப்பிய நிலையிலேயே ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்களைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். ஒரு பழுதுக் குறியீட்டுடன் (ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் நினைவில் பதிக்கும் குறி) வந்த கார் மாலையில் நான்கு குறியீடுகளுடன் நிற்கிறது.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஏர்பேக் அமைப்பின் ஒரு பகுதியோ முழு அமைப்போ செயலற்றிருக்கக்கூடும். விபத்து நேர்ந்தால் அது விரியாமல் போகலாம். எனவே இதைத் தள்ளிப்போடக்கூடிய பழுதாகக் கருத வேண்டாம். கீழே உள்ளவற்றில் முதல் ஐந்து படிகளைக் கார் உரிமையாளரே கவனமாகச் செய்யலாம். ஆறாம் படியிலிருந்து மின்வேலைப் பழக்கமும் அந்த வண்டிக்கான பழுதுபார்ப்புக் கையேடும் கட்டாயம் வேண்டும்.

1. விளக்கின் நடத்தையைக் கவனித்தல்

இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும். பல கார்களில் ஏறத்தாழ 6 வினாடிகளில் அணைய வேண்டும். அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாச் சுற்றுகளையும் தானே சோதித்துக்கொள்கிறது.

அணையாமல் எரிந்தால் பழுது இப்போதும் இருக்கிறது என்று பொருள். அணைந்து, ஓடும்போது மீண்டும் எரிந்தால் அசைவினாலோ வெப்பத்தினாலோ விட்டுவிட்டு வரும் பழுது. எந்தத் தருணத்தில் எரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எரிவதும், இருக்கையை நகர்த்தியதும் எரிவதும், காலையில் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் எரிவதும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன.

விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால் அதுவே பெரிய எச்சரிக்கை. பழைய கார்களை விற்பவர்களில் சிலர் பல்பைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்குடன் இணைத்து இரண்டும் ஒன்றாக எரிந்து அணையும்படி செய்துவிடுகிறார்கள். ஏர்பேக் விளக்கு மற்ற விளக்குகளில் ஒன்றுடன் மிகச் சரியாக ஒரே நொடியில் அணைந்தால் ஐயப்பட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், அவற்றின் அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்து ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைவதுதான். நம்முடைய கடலோர ஊர்களில் இவை இரண்டுக்கும் குறைவில்லை. அந்தக் குறையை இந்த விளக்கு காட்டாது; அது மின்சுற்றை மட்டுமே சோதிக்கிறது. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலோ கொடுத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு உள்ளதா என்று பாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஏர்பேக் பிரிவைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் முதல் தேவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவிகளில் (காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகுபவை) பெரும்பாலானவை இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் குறியீடுகள் 'B' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வேறு வகை. அந்த மலிவான கருவி 'பழுது எதுவும் இல்லை' என்று காட்டுவதை நம்பி, விளக்குதான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டியவர்கள் பலர்.

இதைத் தவிர, மல்டிமீட்டர், டார்ச், கனெக்டர் முனைகளைச் சுத்தம் செய்ய, ஈரமோ எண்ணெயோ மிச்சம் வைக்காத கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், ஏறத்தாழ 2 ஓம் அளவுள்ள ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இரண்டு, வண்டிக்குரிய கையேடு ஆகியவை வேண்டும். வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் விளக்கைக் கருவிப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அதன் வழியே பாயும் மின்னோட்டம் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யப் போதுமானதாக இருக்கலாம்.

3. கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது என்று கேட்டல்

இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் அரை நாள் மிச்சமாகும். விளக்கு எரியத் தொடங்கியதற்கு முந்தைய வாரத்தில் சீட் கவர் மாற்றினார்களா, உட்புறத்தை நீர்விட்டுக் கழுவினார்களா, மியூசிக் சிஸ்டம் பொருத்தினார்களா, ஸ்டீயரிங் ரேக் (முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) வேலை நடந்ததா, பேட்டரி இறங்கியதா, எலி புகுந்ததா, மழைநீர் தரைவிரிப்புவரை ஏறியதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சீட் கவர் தைக்கும் கடைகளில் இருக்கையைக் கழற்றும்போது அடியில் உள்ள கனெக்டரைப் பிரிக்கிறார்கள். அது பிரிந்திருக்கும்போது யாராவது பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைத் திருப்பினால் போதும், குறியீடு பதிந்துவிடும். பிறகு கனெக்டரை ஒழுங்காக மாட்டினாலும் பல வண்டிகளில் அந்தக் குறியீட்டை அழிக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இப்படி வந்த வண்டிகளுக்கு உதிரிப்பாகம் எதுவும் தேவைப்படுவதில்லை.

இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் என்றால், புதிய கவர் அந்தப் பகுதியை மூடித் தைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதனால் விளக்கு எரியாது. ஆனால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் துணி தடுத்துவிடும்.

4. பேட்டரியும் ஃபியூஸும்

குறியீட்டைப் படிப்பதற்கு முன்பே பேட்டரியை அளந்துவிடுவது நல்லது. இன்ஜின் நின்றிருக்கும்போது, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னழுத்தம் மிகவும் சரிந்தால் ஏர்பேக் பெட்டி 'குறைந்த மின்னழுத்தம்' என்று குறியீடு பதிக்கும். காலையில் மட்டும் எரியும் விளக்குக்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

டெர்மினல்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, வெண்பூஞ்சை போன்ற உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தில் ஏர்பேக் ஃபியூஸைக் கண்டுபிடித்து, இக்னிஷனை அணைத்தபின் எடுத்துப் பாருங்கள். அது உருகியிருந்தால் புதியதைப் போடுவதோடு நிறுத்தாமல், ஏன் உருகியது என்று தேட வேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்காக அந்த வயரிலிருந்து கிளை எடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

5. குறியீட்டைப் படித்தல், அழிக்காமல் வைத்தல்

ஸ்கேனரை இணைத்து எல்லாக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 'தற்போதையது' என்று காட்டப்படுகிறதா, 'பழையது' என்று காட்டப்படுகிறதா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அதற்குப் பிறகுதான் அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். படித்தவுடன் அழித்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகவும் செலவு வைப்பது. விட்டுவிட்டு வரும் பழுதாக இருந்தால் மறுபடி அது தோன்ற மூன்று வாரம் ஆகலாம். அதுவரை கையில் எந்தத் தடயமும் இருக்காது.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏர்பேக் குறியீடுகள் பெரும்பாலும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பதிகின்றன. ஆகவே அந்த முயற்சியால் கடிகாரம் நேரத்தையும் ரேடியோ தன் அமைப்புகளையும் இழக்கலாம், அவ்வளவுதான்.

குறியீட்டின் விளக்கத்தில் இரண்டு பகுதிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். முதலாவது எந்தச் சுற்று என்பது: ஓட்டுநர் ஏர்பேக், இடப்பக்க சீட் பெல்ட் பிரீடென்ஷனர் (மோதலில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி), முன்பக்க மோதல் சென்சார் என்பதுபோல. இரண்டாவது என்ன வகைப் பழுது என்பது. 'தடை அதிகம்' அல்லது 'சுற்று திறந்துள்ளது' என்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. 'தடை குறைவு' என்றால் இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன, அல்லது கனெக்டர் முழுமையாக மாட்டப்படவில்லை. 'எர்த்துடன் தொடர்பு' என்றால் வயரின் உறை உரிந்து உலோகத்தில் உராய்கிறது.

கனெக்டர் சரியாக மாட்டாததால் தடை எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். மஞ்சள் கனெக்டர்கள் பலவற்றினுள் ஒரு சிறிய உலோக வில் இருக்கிறது. கனெக்டரைப் பிரித்ததும் அது ஏர்பேக்கின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, நிலைமின்சாரத்தால் ஏர்பேக் வெடித்துவிடாமல் காக்கிறது. கனெக்டர் கடைசி வரை உள்ளே போனால்தான் அந்த வில் விலகும். பாதி மாட்டிய கனெக்டரில் அது விலகாமல் நிற்பதால், பெட்டி அதை ஷார்ட் என்று படிக்கிறது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டவர் பாதித் தொழிலைக் கற்றுவிட்டார் என்றே சொல்வேன்.

சில ஸ்கேனர்கள் ஒவ்வொரு சுற்றின் தடையையும் ஓம் அளவில் நேரடியாகக் காட்டும். அந்த வசதி இருந்தால் அதையே மல்டிமீட்டராகப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் நல்ல சுற்று 2 முதல் 3 ஓம் அருகே நிற்கும். துல்லியமான எல்லை கையேட்டில் இருக்கும்.

6. மின்சாரத்தைத் துண்டித்துக் காத்திருத்தல்

இனி வரும் எந்த வேலைக்கும் இது முன்நிபந்தனை. முன் சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அது தானாக மீண்டும் தொடாதபடி துணியில் சுற்றி ஒதுக்குங்கள். பிறகு காத்திருங்கள்.

மோதலில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்று உள்ளது. பேட்டரியைக் கழற்றிய பின்னும் அதில் வெடிப்பைத் தூண்டும் ஆற்றல் சிறிது நேரம் தங்கியிருக்கும். டொயோட்டாவின் பல கையேடுகள் குறைந்தது 90 வினாடியும் ஹோண்டாவின் கையேடுகள் 3 நிமிடமும் சொல்கின்றன. நான் எந்த வண்டியானாலும் 10 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களையும் காத்திருக்க வைக்கிறேன். தொடங்கும் முன் காரின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை கையால் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் தடையை அளப்பதற்குத் தானே ஒரு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அது பொதுவாகச் சிறியதுதான். ஆனால் கையில் இருக்கும் மீட்டர் தவறான நிலையில் இருந்தாலோ பழுதாகி இருந்தாலோ முகத்துக்கு நேரே ஏற்படக்கூடிய விளைவை நினைத்தால், அந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. ஒன்பதாம் படியில் சொல்லப்படும் ரெசிஸ்டர் முறை அதே விடையை ஆபத்தின்றித் தருகிறது.

7. இருக்கைக்கு அடியில்

குறியீடு இருக்கை, பெல்ட் பக்கிள், பிரீடென்ஷனர், பக்கவாட்டு ஏர்பேக் இவற்றில் எதைச் சுட்டினாலும் இங்கே தொடங்குங்கள். இருக்கை முன்னும் பின்னும் நகரும் ஒவ்வொரு முறையும் இந்த வயர்கள் இழுபடுகின்றன. கூடவே தண்ணீர் பாட்டில், குடை, மடித்த செருப்பு என்று பலவும் உருண்டு வந்து மோதுகின்றன.

இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி முன்புறமிருந்தும், முழுதும் முன்னால் தள்ளிப் பின்புறமிருந்தும் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கனெக்டரின் பூட்டு நாக்கு முழுமையாக விழுந்திருக்கிறதா, ஏதேனும் வயர் விறைத்து நிற்கிறதா, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கனெக்டரைப் பிரித்து, முனைகளில் பச்சைக் களிம்போ கருமையோ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றில் முழுமையாக உலரவிட்டு, 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை மாட்டுங்கள்.

முனைகளுக்குள் மீட்டரின் தடித்த ஊசியைச் செருகக் கூடாது. பெண் முனை ஒருமுறை விரிந்தால் பழைய பிடிப்பு திரும்பாது. அதுவே புதிய 'தடை அதிகம்' குறியீட்டை உண்டாக்கும். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கனெக்டரையே வெட்டியெறிந்து வயர்களை நேரடியாகச் சால்டர் வைத்துவிடுவதை நிரந்தரத் தீர்வாகப் பலர் செய்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஓயாமல் அசையும் இடத்தில் சால்டர் வைத்த பகுதி விறைத்து, அதன் ஓரத்திலேயே வயர் முறியும்; நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் வில்லும் போய்விடும். தயாரிப்பாளர்கள் பலர் ஏர்பேக் வயரிங்கை ஒட்டுப்போடுவதையே தடை செய்கிறார்கள். கனெக்டர் பழுதென்றால் வயரிங் துண்டையே மாற்றுவதுதான் சரி. சரிசெய்த பின் வயர்க்கட்டை இருக்கைச் சட்டத்தில் டை போட்டுக் கட்டும்போது, இருக்கை நகரும் தூரத்துக்குத் தேவையான தொய்வை விட்டுக் கட்டுங்கள்.

8. ஸ்டீயரிங்கும் கிளாக் ஸ்பிரிங்கும்

ஓட்டுநர் ஏர்பேக் சுற்றைக் குறியீடு காட்டினால் ஸ்டீயரிங்கைக் கழற்றுவதற்கு முன் ஹாரனை அழுத்திப் பாருங்கள். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் நிலையான தண்டுக்கும் நடுவே சுருண்டிருக்கும் நாடா வயர்தான் கிளாக் ஸ்பிரிங். பல வண்டிகளில் ஹாரன், ஆடியோ பொத்தான்கள், ஏர்பேக் எல்லாம் அந்த ஒரே நாடா வழியாகத்தான் போகின்றன. ஹாரனும் விட்டுவிட்டு ஒலிக்கிறது, திருப்பும்போது சரசரப்பும் கேட்கிறது என்றால் ஐயம் ஏறத்தாழ உறுதி.

ஏர்பேக்கை எடுக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் போல்ட், சிலவற்றில் கம்பி வில். எடுத்ததும் அலங்கார முகப்பு உங்கள் உடலுக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு பிடித்துச் செல்லுங்கள். மேசையில் முகப்பு மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள். கவிழ்த்து வைத்த ஏர்பேக் வெடித்தால் அந்த உலோகப் பெட்டியே மேலே பாயும்.

ஸ்டீயரிங்கின் நட்டைக் கழற்றும் முன் தண்டிலும் வளையத்திலும் குறியிட்டுக்கொள்ளுங்கள். இறுகியிருந்தால் அதை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியைப் பயன்படுத்துங்கள், சுத்தியால் அடிக்காதீர்கள்.

புதிய கிளாக் ஸ்பிரிங்கில் அது சுழலாதபடி ஒரு பின்னோ ஒட்டுத்தாளோ இருக்கும். பொருத்தி முடிக்கும்வரை அதை அகற்றக் கூடாது. அது ஏற்கெனவே சுழன்றுவிட்டிருந்தால் ஒரு பக்கம் மென்மையாக முடிவு வரை திருப்பி, கையேடு சொல்லும் எண்ணிக்கையளவு பின்னோக்கித் திருப்பி அம்புக்குறிகளைச் சேர்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்த எண்ணிக்கை இரண்டரைச் சுற்றுக்கு அருகே இருக்கும். நடுநிலை தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புதிய நாடா அறுந்துவிடும். ஸ்டீயரிங் ரேக் வேலையின்போது தண்டு பிரிந்திருக்கையில் யாரோ ஸ்டீயரிங்கை விளையாட்டாகச் சுழற்றிவிட்டு, அதனால் அறுந்து வரும் வண்டிகளும் உண்டு. ஆதலால் அந்த வேலை நடக்கும்போது ஸ்டீயரிங்கைக் கட்டி வைப்பது பட்டறையில் விதியாக இருக்க வேண்டும்.

9. ரெசிஸ்டரை வைத்துப் பழுதைப் பிரித்தறிதல்

விலை உயர்ந்த பாகத்தை வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துக் காத்திருந்த பின், ஏர்பேக்கின் கனெக்டரைப் பிரித்து, அதன் இடத்தில், முனைகளுக்குப் பொருந்தும் அடாப்டர் வழியாக, 2 ஓம் ரெசிஸ்டரை இணைக்கிறோம். ஏர்பேக்கை வண்டிக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே யாரும் இல்லாமல் பேட்டரியை இணைத்து, குறியீட்டை அழித்து, மீண்டும் படிக்கிறோம்.

குறியீடு திரும்பவில்லை என்றால் பழுது ஏர்பேக்கில் இருக்கிறது. திரும்பினால் ஏர்பேக் நல்லது. பழுது அதற்கு முன்னால் இருக்கிறது. அப்போது மறுபடியும் மின்சாரத்தைத் துண்டித்துக் காத்திருந்து, ரெசிஸ்டரைக் கிளாக் ஸ்பிரிங்குக்கு முந்தைய கனெக்டருக்கு மாற்றுகிறோம். இப்போது குறியீடு மறைந்தால் கிளாக் ஸ்பிரிங். மறையாவிட்டால் வயரிங் அல்லது பெட்டி. இரண்டு நிலைகளில் விரியும் ஏர்பேக் என்றால் இரண்டு கனெக்டர்கள் இருக்கும். இரண்டிலும் ரெசிஸ்டர் வேண்டும்.

வயரிங்கை அளக்கப் பெட்டியின் கனெக்டரைப் பிரித்தால் அங்கேயும் அந்த உலோக வில் முனைகளை இணைத்துவிடும். மீட்டர் சுழி ஓம் காட்டுவதைப் பார்த்து வயர் ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். கையேடு சொல்லும் மெல்லிய மின்காப்புத் தகட்டைச் செருகி வில்லை விலக்கிய பிறகே அளக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் ரெசிஸ்டரை எண்ணி வெளியே எடுங்கள். விளக்கை அணைப்பதற்காகவே அதை உள்ளே விட்டுச் செல்வது, வண்டியில் அமர்பவரின் உயிரோடு விளையாடும் மோசடி.

10. சென்சார்களும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

முன்பக்க மோதல் சென்சார்கள் ரேடியேட்டர் சட்டத்தை ஒட்டி இருப்பதால் சேறும், அழுத்த நீரில் கழுவுவதும் அவற்றின் கனெக்டர்களைப் பாதிக்கும். களிம்பைத் துடைத்து ரப்பர் உறையைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லிவருக்கு அருகே, நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீர் புகுந்த கார்களில் இந்தப் பெட்டி நனைந்திருக்க வாய்ப்பு மிகுதி. தரைவிரிப்பு காய்ந்துவிட்டது என்பதால் கனெக்டரும் காய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். களிம்பு மாதக்கணக்கில் மெல்ல ஏறும்.

'உட்பழுது' என்று குறியீடு வந்தாலும் பெட்டிக்கு வரும் மின்னழுத்தத்தையும் எர்த்தையும் முதலில் சரிபாருங்கள். பெட்டியின் போல்ட்கள் தளர்ந்திருக்கக் கூடாது. பெட்டிக்குள்ளேயே மோதலை உணரும் சென்சார் இருப்பதால் அது வண்டியின் உடலோடு இறுகியிருக்க வேண்டும். தளர்ந்த பெட்டியுடன் ஒருபோதும் இக்னிஷனைப் போடாதீர்கள். ஏர்பேக் ஒருமுறை விரிந்த வண்டியில் மோதல் பதிவு பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண ஸ்கேனரால் அது அழியாது. பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய பெட்டியை மாட்டுவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன், ஏனெனில் அது எத்தனை ஏர்பேக் உள்ள வண்டிக்காக அமைக்கப்பட்டது என்பது வெளியே தெரிவதில்லை.

11. மீண்டும் இணைத்தலும் இறுதிச் சோதனையும்

எல்லாக் கனெக்டர்களும் பூட்டிய நிலையில், போல்ட்களைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, வண்டிக்குள் யாரும் இல்லாதபோது பேட்டரியை இணையுங்கள். முதல் முறை இக்னிஷனைப் போடும்போது ஸ்டீயரிங்குக்கு நேரே முகம் இல்லாமல், கதவருகே பக்கவாட்டில் நின்று போடுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு விளக்கு எரிந்து அணைகிறதா என்று மூன்று முறை பாருங்கள்.

பிறகு இருக்கையை இரு முனைகளுக்கும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுதாகத் திருப்பி, பெல்ட்டை மாட்டிக் கழற்றி, மேடுபள்ளமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்டீயரிங் கோணச் சென்சார் கிளாக் ஸ்பிரிங்கோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் அதை ஸ்கேனர் மூலம் சீரமைக்கவும் வேண்டும்.

விளக்கு எரியாவிட்டாலும், இரண்டு நாள் கழித்து வண்டியை வரவழைத்துக் குறியீடுகளை இன்னொரு முறை படியுங்கள். விளக்கை எரிய வைக்காமல் 'பழையது' என்று பதிந்து கிடக்கும் ஒரு குறியீடு, நீங்கள் தொட்ட கனெக்டர் இன்னும் சரியாக உட்காரவில்லை என்பதை அப்போதே காட்டிவிடும்.